எறிந்தாலும் உடையாது

"எறிஞ்சா உடையுமா நானா?" என்று கேட்டாள் கிருஷாந்தி.

விலையைக் கேட்கவில்லை, எத்தனை ஜீபி என்று கேட்கவில்லை. பதுளை பஸார் வீதியில் பதினெட்டு வருடமாக லெப்டொப் விற்கும், எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் முன்ஸிப்புக்கு அந்த ஒரு கேள்வியே போதுமாக இருந்தது. வீட்டில் ஒரு வாண்டு இருக்கிறது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார்.

அவள் தலையணை உறைக்குள்ளிருந்து பழைய லெப்டொப்பை எடுத்து மேசையில் வைத்தாள். பிளாஸ்டிக் மூடி மூன்றாக வெடித்திருந்தது. விசைகளின் இடுக்கில் பருப்புக் கறி காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"சாப்பாட்டு நேரத்திலயா?"

"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு."

முன்ஸிப் சிரித்தார். "வாய்க்கு ருசி கேக்கிற ஆளு போல. இதுக்கு முந்தி வேற உடைஞ்சிருக்கா?"

"முந்தினது அலுமினியம். உடையல. நசுங்கிப்போயி, அப்புறம் தொறக்கவே முடியல."

கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே டைப் செய்கிறாள். மெஷின் உடைந்துவிட்டது என்று ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியாயிற்று. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உட்காராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அந்த வேலை அவளுடையது. வீட்டில் இருக்கும் வேறு எதைப் பற்றியும் அவளால் அப்படிச் சொல்ல முடியாது.

திங்களுக்குள் வேண்டும் என்று அவள் சொன்னதும் முன்ஸிப்பின் குரலில் வியாபாரம் சூடு பிடித்தது.

"பிளாஸ்டிக் அடி தாங்காம வெடிச்சிரும், தங்கச்சி. அலுமினியம் வாங்கின அடிய அப்படியே வச்சிக்கொள்ளும். காபன் பைபர் அப்படியில்ல. காபன் நூலத் துணி மாதிரி நெசவு செஞ்சி, பசை ஊத்தி இறுக்கினது. பிளேனுக்குப் போடுற சாமான்."

பிளேனை யாரும் சுவரில் எறிவதில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் மாதிரிக்கு வைத்திருந்த வெறும் மூடியொன்றை எடுத்து இரண்டு பெருவிரலாலும் அழுத்தினார். வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது. பிறகு இடுப்பளவு உயரத்திலிருந்து தரையில் போட்டார். எடுத்துச் சட்டைக் கையால் துடைத்து, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல் அவளிடம் நீட்டினார்.

"பாத்தீங்களா, ஒரு கீறல் இல்ல."

"இது விழுறது நானா. நான் எறியிறதக் கேட்டேன்."

அவள் மூடியை வாங்கினாள். குதிக்காலை உயர்த்தி, கையைத் தன் தலைக்கு மேல் ஒரு சாண் தூக்கினாள். "இந்த ஒசரத்துலேந்து வரும்."

அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் எறிந்துவிட்டாள். சுவரில் நீலச் சாயம் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு உரிந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எறிவது இவ்வளவு லேசான வேலை என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

முன்ஸிப் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனையில் நூல்போல ஒரு வெடிப்பு.

"முனை பட்டா இப்பிடி வரும்தான்," என்றார் குரலை இறக்கி. "மத்தபடி தாங்கும். ஆனா நான் சொல்றது வெளி மூடிய. ஸ்க்ரீனுக்கு, போர்டுக்கு நான் பொறுப்பில்ல. வெளிய ஒன்னும் தெரியாது, உள்ளுக்குப் போயிருக்கும்."

அதை அவளுக்கு விளக்கத் தேவையில்லை. போன தீபாவளிக்கு எடுத்த படத்தில் அவள் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"டீவி, ரிமோட்டெல்லாம் தப்புதா?"

"அந்தப் பக்கமே போகாது. ரிமோட்டுல ஒரு கீறல் கெடையாது. எங்கிட்ட இருக்கிறதுதான் உடையும்."

"வெவரமான ஆளு. ஆம்புளதானே?"

"ஆமா."

"அப்ப அப்பிடித்தான். நீங்க செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க."

"நான் குடுக்கல நானா. வரும்போதே அப்படித்தான்."

"சரி சரி, போகப் போகச் சரியாப் போகும்."

அந்தச் சொல்லை அவள் பலர் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். எல்லாரும் இதே கனிவோடுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அவள் போட்ட தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

"இதையே எடுத்துக்கிறேன்," என்றாள்.

முன்ஸிப் புதிய பெட்டியைப் பிரித்தார். எறிந்தால் வாரண்டி இல்லை என்பதை இரண்டு முறை சொன்னார். கிருஷாந்தி இரண்டு முறையும் தலையாட்டினாள். அதற்கு எங்கேயும் வாரண்டி கிடையாது என்பது அவளுக்குத் தெரிந்ததுதான்.

நல்ல வியாபாரம் முடிந்த சந்தோஷத்தில் அவருக்கு ஒரு தகப்பனின் அக்கறை வந்துவிட்டது.

"ஒரு வேல செய்வம், தங்கச்சி. இதுல நல்ல கேம் ஒன்னு சும்மா போட்டுத் தாரன். அதுல உக்காந்தா எறியிறதுக்கு நேரமிருக்காது. வயசுக்கு ஏத்த மாதிரித்தான் போடணும். சின்னவருக்கு எத்தின வயசு?"

"நாப்பத்தி மூணு."