தவளைகளைக் காப்பாற்றிய யானைகள்

அந்தக் குளத்துத் தவளைகளுக்கு ஓட்டுப் போடுவதென்றால், கரையிலிருந்து தண்ணீரில் குதிப்பதுதான். பிடித்தவர் பெயரைக் கூப்பிட்டதும் தொபுக்கென்று குதிப்பார்கள். அந்த வருஷத் தலைவர் தேர்தலில், "மேற்குக் காட்டு யானைகளுக்குக் குளத்தை விடமாட்டேன்" என்று சொன்ன வடிவாம்பாளுக்காகக் குதித்ததில் கரையே காலியாகிவிட்டது. வடிவாம்பாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

யானை முதுகில் உண்ணி பொறுக்கிப் பிழைக்கும் மைனா, கிளையில் உட்கார்ந்து செய்தி வாசித்தது: "கொடுங்கோலிக்கு அஞ்சித் தவளைகள் தண்ணீரில் விழுந்து உயிரை விடுகின்றன!"

"அடிப்பாவி, அது ஓட்டுடி!" என்று கத்தினாள் வடிவாம்பாள்.

"பாத்தீங்களா, மிரட்டல் வேற" என்றது மைனா.

யானைகள் பதறியடித்து ஓடி வந்தன. தவளைகளைத் தண்ணீரிலிருந்து மீட்க வேண்டுமே! துதிக்கையை விட்டுக் குளத்தை ஒரு சொட்டு பாக்கியில்லாமல் உறிஞ்சிக் குடித்துவிட்டு, காதை ஆட்டிக்கொண்டு நின்றன.

சேற்றில் வாய் பிளந்து கிடந்த வடிவாம்பாளின் பக்கத்தில் மைனா வந்து இறங்கியது. "இப்ப எப்படி இருக்குக்கா? நேயர்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

"தண்ணி... தண்ணி..." என்றாள் அவள்.

மைனா தொண்டையைச் செருமிக்கொண்டது. "மீட்கப்பட்ட தவளை ஒன்று, தண்ணீரை நினைத்து இன்னமும் நடுங்குகிறது!"