எழுந்து நின்ற கடை

கடை வாசலில் இருபது பேராவது வரிசையில் நின்றார்கள். உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம் தெருவரை கேட்டது. மறுவாழ்வு நிதியின் மேலாளர் அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து நடந்தார்.

வெள்ளம் வடிந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று நாடுகள் சேர்ந்து தொடங்கிய பொது நிதி அது. போன வருடம் ஆறு தனியார் கம்பெனிகளும் அதில் பங்காளியாயின. அவற்றின் சார்பில் வந்த அம்மாள் காலையிலேயே சொல்லிவிட்டார்: மறுபடி எழுந்து நின்ற ஒரு தொழிலையாவது கண்ணால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனிகள் விலகிக்கொள்ளும்.

மேலாளருக்கு நினைவுக்கு வந்தது இந்தக் கூட்டம்தான். தினமும் ஜீப்பில் போகும்போது பார்ப்பார். உள்ளே நுழைந்ததில்லை.

'மரவேலைக் கடை' என்ற பலகையில் பாதி எழுத்தை வெள்ளம் தின்றிருந்தது. நின்றவர்கள் கையில் ஆளுக்கொரு காகிதக் கட்டு. கட்டிலுக்கும் மேசைக்கும் அளவு எழுதி வந்திருக்கிறார்களா என்று அம்மாள் கேட்டார். இருக்கும் என்றார் மேலாளர். வரிசையில் பலர் அவருக்கு வணக்கம் வைத்தார்கள்.

தச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உட்காரச் சொல்ல இடம் தேடினார்.

"பேருதான் தச்சர். வந்தவங்க உக்கார ஒரு நாற்காலி செஞ்சிருக்காரா பாருங்க" என்றாள் உள்ளிருந்து அவர் மனைவி.

அம்மாள் சிரித்தார். "வெள்ளத்துல போன ரம்பம், உளி எல்லாம் நிதியிலதானே திரும்ப வாங்கினீங்க?"

"பதினோரு தடவ மனு போட்டேன், மேடம். இன்னும் ஒண்ணும் தேறல."

மேலாளர் தரையைப் பார்த்தார். தரையில் ஒரு மரச்சுருள்கூட இல்லை.

அம்மாள் வாசல் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்புறம் இவ்வளவு கூட்டம்?"

"எல்லாரும் நிதிக்கு மனு போடறவங்கதான், மேடம். முன்னாடி நாட்டுக்கு ஒண்ணுன்னு மூணு ஜெராக்ஸ் கேட்டாங்க. அப்ப ஒரு மிஷின் போட்டேன். கம்பெனிங்க ஆறும் சேர்ந்ததும் ஒன்பதாச்சு. ரெண்டாவது மிஷின் அதுல வந்ததுதான்."

தச்சர் ஓரடி நெருங்கிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க விலகப் போறதா பேசிக்கறாங்க. அப்படி எதுவும் செஞ்சிடாதீங்க, மேடம்."