தியாகராசா காட்டிய வீடு

“இண்டைக்கு நான் கேக்கத்தான் போறன். நீ வாயைத் திறவாமல் புல்லை வெட்டு” என்றாள் துஷாந்தினி, வான் வண்டியின் பின்கதவைத் திறந்தபடி.

“அம்மா, ப்ளீஸ். எனக்கு இருக்கிறதே இந்த ஒரு கஸ்டமர்தான்.” சாருஜா புல்லு வெட்டுகிற மெசினை மெல்ல இறக்கினாள்.

“மரியாதை தெரியாத கஸ்டமர் இருக்கிறதிலும் பாக்க ஒருத்தரும் இல்லாமல் இருக்கலாம். சனிக்கிழமையில வீட்டில இருந்து கணக்குப் படி.”

பதினாலு வயதில் சொந்தத் தொழில் என்று சாருஜா கிளம்பியபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அவளுக்கே பாதி நம்பிக்கைதான். டொலார்ட் நகர முருகன் கோயில் அறிவிப்புப் பலகையில், ‘புல் வெட்டித் தரப்படும்’ என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி ஒட்டினாள். அழைத்தவர் தியாகராசா ஒருவர்தான். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், நாவல் நிறக் கதவு போட்ட வீட்டைக் காட்டினார்.

“சனிக்கிழமையில வாங்கோ பிள்ளை. மத்தியானத்துக்கு முன்னம் முடிச்சிடோணும்” என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை.

முதல் நாள் மெசினைக் கிளப்பக் கயிற்றை இழுத்து இழுத்து அவள் களைத்துப்போனாள். “அவசரமில்லை, அதுக்கும் புது இடம் வெக்கமாக்கும்” என்று சொல்லி அவர்தான் சிரிக்க வைத்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் மேல் அவளுக்கு நன்றி.

இன்று மெசின் உடனே உறுமியது. ஒவ்வொரு வரி முடிந்ததும் சாருஜா நின்று திரும்பிப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது, அவளுக்கு மட்டும் கோணலாகத் தெரிந்தது. எதிர்வீட்டுப் படியில் கோப்பியும் கையுமாக இருந்த மார்செல் கிழவர் வழக்கம்போலத் தலையாட்டினார். தியாகராசாவும் வழக்கம்போல நடைபாதையிலேயே நின்றார். அவர் புல்லில் கூடக் கால் வைப்பதில்லை.

மெசின் ஓயும்வரை துஷாந்தினி காத்திருந்தாள்.

“அண்ணை, ஒண்டு கேக்கலாமோ?”

“கேளுங்கோ தங்கச்சி.”

“போன கிழமை அவ்வளவு மழை. என்ர பிள்ளையை அந்த மரத்துக்குக் கீழ நிக்க விட்டனீங்கள். வீட்டுக்குள்ள கூப்பிட மனம் வரேல்லையோ?”

“அம்மா, அங்கிளும் என்னோட நனைஞ்சவர்.”

“நீ சும்மா இரு. அதுக்கு முதல் கிழமை பாத்ரூம் போகோணும் எண்டவளை தெருமுனையில இருக்கிற டெப்பனர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறியள். ஏன், உள்ளுக்கை கார்பெட் ஊத்தையாகிப் போயிடுமோ?”

தியாகராசா தலையைச் சொறிந்தார். “பிள்ளையின்ர வேலையில ஒரு குறையும் இல்லை, தங்கச்சி.”

“நான் வேலையைக் கேக்கேல்லை, கதவைக் கேக்கிறன். குடிக்க ஒரு கிளாஸ் தண்ணியாவது...”

“தண்ணி தாறவர் அம்மா. கார்ல வைச்சிருக்கிறவர்.”

“பாத்தியே! தண்ணியும் கார்லயிருந்து!” துஷாந்தினி மகளின் கையைப் பிடித்தாள். “இண்டையோட சரி அண்ணை. வேற ஆளைப் பாருங்கோ.”

சாருஜாவின் ஒரே கஸ்டமரும் போய்விட்டார். பலகையிலிருந்து அறிவிப்பைக் கழற்ற வேண்டியதுதான்.

ஏதோ சொல்ல வாயெடுத்த தியாகராசாவின் கண் தெருமுனைக்குப் போனது. அங்கே சிறிய நீலக் கார் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது.

“ஐயோ, இண்டைக்கு வெள்ளன வந்திட்டா! கெதியா மறைவுக்கு வாங்கோ!”

“ஆர், உங்கட மனுசியோ?”

பதில் சொல்ல அவர் நிற்கவில்லை. மெசினை இழுத்துக்கொண்டு பக்கத்து வேலி மரங்களுக்குப் பின்னால் ஓடினார். சாருஜாவும் ஓடினாள். ஏன் ஓடுகிறோம் என்று தெரியாமலே துஷாந்தினியும் ஓடினாள். மூவரும் குந்திக்கொண்டார்கள்.

கார் நாவல் நிறக் கதவுக்கு முன்னால் நின்றது. மருத்துவமனைச் சீருடையில் ஒரு பெண் களைத்துப்போய் இறங்கினாள். வெட்டிய புல்லைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றினாள். வெறுங்காலோடு அதில் ஒரு சுற்று நடந்தாள். பிறகு எதிர்வீட்டைப் பார்த்து, “மெர்சி, மார்செல்!” என்று கத்தி நன்றி சொன்னாள். மார்செல் கொஞ்சமும் கூசாமல் கோப்பியை உயர்த்திக் காட்டினார்.

அவள் கைப்பையிலிருந்து திறப்பை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

“உங்கட வீட்டுத் திறப்பு அவவிட்டை எப்பிடி அண்ணை?” துஷாந்தினியின் குரல் தாழ்ந்துவிட்டது.

“வீடே அவவின்ரதான், தங்கச்சி. நான் இருக்கிறது லாசால் பக்கம், ஒரு அப்பாட்மென்ட்டில மூண்டாம் மாடி. படுக்கையில கிடந்த என்ர மனுசியை எழுப்பி நடக்க வைச்ச நர்ஸ் இவ. என்ன குடுத்தாலும் ‘ரூல்ஸ், வாங்க ஏலாது’ எண்டிட்டா. பேந்து ஒருநாள் கோயிலுக்கு வரேக்க கண்டன், வேலை முடிச்சு வந்து முழங்காலளவு புல்லைப் பாத்துக்கொண்டு அழாக்குறையா நிண்டா. அண்டைக்குத்தான் கோயில்ல பிள்ளையின்ர நோட்டீசையும் கண்டன்.”

துஷாந்தினி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளின் காதருகே குனிந்தாள்.

“படிக்குப் பக்கத்தில ஒரு பிடி புல்லை வெட்டாமல் விட்டிட்டாய். அடுத்த சனி அதையும் வடிவா வெட்டு; நான் வெள்ளனவே கொண்டுவந்து விடுறன்.”