ஒத்துக்காத கல்

ராயபுரம் பெருமக்களின் மேலான கவனத்துக்கு: சிலுவைமுத்து, மகன் ஜெரியின் நிச்சயதார்த்தத்தில் மருமகள் சில்வியாவுக்கு வைர மோதிரமே போடப் போகிறார்!

வைரம் எல்லா வீட்டுக்கும் ஒத்துக்காதாம். ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கல்லைக் கொடுத்தார் நகைக்கடைக்காரர்.

மறுநாளே ஜெரி வேலை பார்த்த திருவொற்றியூர் ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். பெண் வீட்டார் நிச்சயத்தைத் தள்ளிவைத்தார்கள்.

"கல்லுதான் நைனா பேஜாரு. திருப்பிக் குட்த்துடு, கம்பெனி தானா தொறக்கும்" என்றான் ஜெரி.

சிலுவைமுத்து கடைக்கு ஓடினார். "இன்னா கல்லுய்யா குட்த்த? என் புள்ள பொயப்பே பூட்ச்சு!"

"என் வைரத்து மேல பழி போடாதீங்க. முன்பின் தெரியாதவங்களை நம்பி அசலையா அனுப்புவேன்? அது வெறும் கண்ணாடி."

"அப்போ கம்பெனிய மூடுனது?"

கடைக்காரர் கல்லை வாங்கி உள்ளே வைத்தார்.

ஆலை திறக்கவே இல்லை.