மாற்றாத பாஸ்வேர்ட்

“எந்த வெப்சைட் என்ன கேட்டாலும் ‘சம்மதம்’னு அமுக்கிடுவியா?”

“உங்களையும் அப்படித்தானே கட்டிக்கிட்டேன்.”

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு அது. இன்றும் புரோகிராமர் கணவன் திட்டிக்கொண்டே அவள் லேப்டாப்பைச் சரிசெய்தான்.

“இது பிரவுசரா, சந்தைக்கடையா? ஒரு செய்தி படிக்க ஒன்பது விளம்பரம். இதை எழுதினவனை உதைக்கணும்.”

வேறு எதையோ கேட்க வாயெடுத்தவள், “டீ போடவா?” என்றாள்.

“வேணாம். ஆமா, வாசல்ல நிக்கும்போதே என் போன் வைஃபையில சேர்ந்துடுச்சே. பாஸ்வேர்டை மாத்தலையா நீ?”

“இல்லை.”

“வீட்டைவிட்டுப் போனவன்கிட்ட பாஸ்வேர்ட் இருக்கலாமா? நான் பிரிஞ்சு போய் ஒரு வருஷமாச்சு.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் மாத்தலை?”

கிளம்புவதற்காக அவன் எடுத்த பையை அவள் பிடித்துக்கொண்டாள்.

“திரும்பி வந்துடுங்களேன்.”