கை படாத டாலர்

“அஞ்சாம் நம்பர் காசைக் கொண்டுவந்த புண்ணியவான் யாரோ, அதைச் சட்டைக்குப் பொத்தானா தைச்சுக்குங்க!”

நடுவர் கர்ட் ஸ்டோல்ட்ஸ் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். அமெரிக்காவின் லங்காஸ்டர் ஊர்த் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் கூடியிருந்த நாணயச் சங்கத்தார் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஆண்டுப் போட்டியில் பெட்டிகளுக்கு நம்பர்தான், பெயர் கிடையாது. பழைய வெள்ளிக் காசின் மேல் காலப்போக்கில் தானாகப் படிந்த நிறம்தான் அதற்குக் கௌரவம். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்கள் கர்ட்டுக்கு மனிதர்களே அல்லர்.

தேய்த்த காசுக்குப் பரிசு கொடுக்கும் நடுவர் அன்றே பதவி விலக வேண்டும் என்று விதி கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த விதியைக் காட்டித்தான் பழைய நடுவர் எம்மெட்டை இறக்கிவிட்டு, அந்த நாற்காலியைப் பிடித்தார். எம்மெட் இப்போது பெட்டி எடுத்துக் கொடுக்கிறார்.

எட்டாம் பெட்டியைத் திறந்ததும் கர்ட் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். 1799ஆம் வருட டாலர். அதில் பொறித்த சுதந்திர தேவியின் கன்னத்தில் ஊதா, ஓரமெல்லாம் மயில்நீலம்.

“எல்லாரும் வந்து பாருங்கய்யா! இருநூறு வருஷமா ஒரு பய இதைத் துணியால தொடலை. இதுதான் காசு. நீங்க வெச்சிருக்கறதெல்லாம் ஸ்பூன்!”

எம்மெட் எட்டிப் பார்த்தார். “நிறம் ரெண்டு பக்கமும் ஒரே சீரா இருக்கே, கர்ட்? தானாப் படிஞ்சா இப்படி இருக்காதே. இன்னொரு தரம் பாரேன்.”

“உன் கண்ணோட லட்சணம் ஊருக்கே தெரியும். நீ பெட்டியை மட்டும் தூக்கு.”

கர்ட் நீல ரிப்பனை உயர்த்திப் பிடித்தார்.

“முதல் பரிசு! என் பேரை வெச்சுச் சொல்றேன், இது அசல். யாரோடது? எழுந்து வாங்க, கை குலுக்கணும்.”

கடைசி வரிசையிலிருந்து நடீன் எழுந்து வந்தாள். ஆப்பிள் பை சுட்டு விற்கும் பேக்கரிக்காரி. நீட்டிய கையைக் கர்ட் பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

“நீயா? மாவு பிசையற கைக்கு இதெல்லாம் கேட்குதா? இப்படி ஒரு காசை எங்கேம்மா புடிச்சே?”

நடீன் ரிப்பனை வாங்கி நிதானமாகக் கோட்டில் குத்திக்கொண்டாள். மண்டபம் மொத்தமும் கேட்கும்படி சொன்னாள்:

“போன வருஷம் ‘தேய்ச்ச காசு’ன்னு நீங்க என் மூஞ்சில விட்டெறிஞ்சீங்களே, அதேதான். நிறம் எங்க ஓவன்ல ஏத்தினது!”