அமைச்சரைப் பார்க்க வந்தவர்

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் கழிவுத்தொட்டிக்குள் இறங்கிய மோசஸ் மேலே வரவில்லை. ஆள் ஓடிப்போய்விட்டான் என்று சொல்லிவிட்டு, முதலாளி மறுநாளே தொட்டிக்குக் கான்கிரீட் மூடி போட்டார்.

போலீஸ் வழக்கே பதியவில்லை. அதற்காக முதலாளி அமைச்சரை எத்தனை தடவை பார்த்தார் என்று தெரிந்துகொள்ள, மோசஸின் மனைவி ஃபீபி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அமைச்சரின் சந்திப்பு டைரியைக் கேட்டாள். 2007-ல் நகல் தபாலில் வந்தது. தம்பி ஜெஸ்டன் புரட்டினான்.

"மொதலாளி பேரே இல்லக்கா. ஆனா திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழமை மாமா பேரு இருக்குது."

"இன்னா எழுதியிருக்கு?"

"மோசஸ், ஆம்பூர். மனு: மூடியை எடுக்க வேண்டும். பரிசீலனையில்."

ஃபீபி தாளை வாங்கினாள். கடைசித் திங்கட்கிழமைக்கு எதிரே உதவியாளர் சின்ன எழுத்தில் குறித்திருந்தார்: மனுதாரர் உட்கார்ந்த நாற்காலி காயவே இல்லை. இனி நிற்க வைத்தே மனு வாங்கவும்.